அலுமினிய ஜன்னல், ஸ்லைடிங் கதவு: துடைப்பது முதல் பேரிங் மாற்றுவது வரை

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரும்பைப் போல செந்துரு பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கடற்கரை ஓரத்தில் பல வருடம் துடைக்காமல் விட்ட ஃப்ரேமின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். அந்த வெள்ளைப் பொடி அலுமினியம் அரிக்கப்பட்டதன் மிச்சம். அதன் அடியில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், அவற்றை மூட வழியில்லை.

ஷட்டர் (கண்ணாடியோடு நகரும் பலகை) நகர மறுப்பது, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவது, லாக் மாட்டாமல் போவது எனப் பெரும்பாலான புகார்கள் கீழ் ட்ராக்கில்தான் தொடங்குகின்றன. கண்ணாடி பளபளப்பது இரண்டாம் பட்சம். ட்ராக் சுத்தமாக இருந்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் திறந்திருந்தால் ஜன்னலின் ஆயுளில் பாதிக் கவலை தீர்ந்தது. ஆகவே இந்த வழிகாட்டியில் ட்ராக்குக்கே அதிக இடம்.

முதலில் எந்தப் பூச்சு என்று பாருங்கள்

வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அனோடைசிங். உலோகத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கடினமான ஆக்சைடாக மாற்றியிருப்பார்கள். உலோகப் பளபளப்பு தெரியும். வெள்ளி, ஷாம்பெயின், பிரான்ஸ் நிறங்களில் வரும். கனம் பொதுவாக 15 முதல் 25 மைக்ரான். மற்றொன்று பவுடர் கோட்டிங். பெயின்ட் அடித்தது போல முழு நிறமாக இருக்கும், கனம் 60 முதல் 80 மைக்ரான். மரக்கோடு போட்ட ஃப்ரேம்களும் பவுடர் கோட்டிங்தான். அந்த டிசைன் மேலாக இருப்பதால் சொரசொரப்பான நார் போட்டுத் தேய்த்தால் முதலில் அதுதான் போகும்.

இரண்டுக்கும் பொதுவான விதி, கடும் அமிலமும் ஆகாது, கடும் காரமும் ஆகாது. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் ஏறத்தாழ பிஎச் 4-க்குக் கீழேயும் 9-க்கு மேலேயும் கரையத் தொடங்கும். கழிவறை கிளீனர், டைல்ஸ் ஆசிட், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் சோடா, சலவை சோடா எதுவும் ஃப்ரேம் பக்கம் வரக்கூடாது. பித்தளைக்குப் புளி போடும் பழக்கத்தில் இதற்கும் புளியோ எலுமிச்சையோ தேய்க்க வேண்டாம். ஸ்டீல் நாரும் தடை. கீறல் விழுவதோடு, அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்குகள் ஃப்ரேமில் ஒட்டிக்கொண்டு சில நாளில் பழுப்புப் புள்ளிகளாகத் துருவேறும்.

புது வீடுகளில் அதிக ஜன்னல்களைக் கெடுப்பது குடிபோகும் முன் செய்யும் ஆசிட் வாஷ்தான். டைல்ஸில் படிந்த சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்து, தண்ணீரைப் பால்கனி பக்கம் தள்ளிவிடுவார்கள். அது நேராக ஸ்லைடிங் கதவின் ட்ராக்கில் போய்த் தேங்கும். ஆட்கள் அன்று மாலை கிளம்பிவிடுவார்கள், ட்ராக் நிறம் மங்கித் திட்டுத்திட்டாகிவிடும். அனோடைசிங்கில் விழுந்த அந்தத் திட்டை எந்த பாலிஷும் நீக்காது. தரைக்கு ஆசிட் போட்டே ஆகவேண்டும் என்றால் ட்ராக்கை முழுக்க பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் போட்டு மூடுங்கள், வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சிமென்ட் கலவைத் தண்ணீரும் இதே அளவுக்குக் கெடுதல், அது கடும் காரம். பூச்சு வேலையில் ஃப்ரேமில் கலவை தெறித்தால் ஈரம் காயும் முன் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு சுரண்டினால் பூச்சும் சேர்ந்து வரும்.

எப்போது செய்வது

கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரில் கழுவுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுச் சுத்தம். உள் மாவட்டங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். நெடுஞ்சாலை, கல்குவாரி, தொழிற்சாலை பக்கம் என்றால் கடற்கரைக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளிப்போடக் கூடாத தேதி ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசிக்குள் ட்ராக்கும் ஓட்டைகளும் சுத்தமாகியிருக்க வேண்டும். கன்னியாகுமரி, தென்காசி, கோவை மேற்குப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு என்பதால் மே கடைசியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மழை நேரடியாக அடிக்கும் ஜன்னலைவிட, சன்ஷேடுக்கு அடியிலும் மூடிய பால்கனியிலும் இருக்கும் ஜன்னல்தான் கடற்கரையில் சீக்கிரம் கெடும். மழை படும் இடத்தில் உப்பு தானாகக் கழுவிப் போகிறது, படாத இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே ‘மழையே படாத ஜன்னல்தானே’ என்று விட்டுவிடாதீர்கள்.

வெயில் விழும் ஃப்ரேமில் வேலையைத் தொடங்கக் கூடாது. சூடான அலுமினியத்தில் சோப்புத் தண்ணீர் நொடியில் காய்ந்து கோடு போட்டுவிடும். மேற்கு ஜன்னலைக் காலையிலும் கிழக்கு ஜன்னலை மாலையிலும் செய்யுங்கள்.

சுத்தம் செய்யும் வரிசை

தேவையானவை எல்லாம் வீட்டிலேயே இருக்கும்: இரண்டு பக்கெட், நான்கைந்து பருத்தி அல்லது மைக்ரோஃபைபர் துணி, பழைய டூத் பிரஷ், ஒன்றரை இன்ச் பெயின்ட் பிரஷ், பாத்திரம் துலக்கும் லிக்விட், தென்னை ஈர்க்கு. வேக்குவம் கிளீனர் இருந்தால் வேலை பாதி. கலவை: 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது சுமார் 15 மில்லி லிக்விட். நுரை நிறைய வர வேண்டும் என்று கூட ஊற்றினால் கழுவி எடுப்பதற்குள் கை வலிக்கும்.

1. ஈரம் படுவதற்கு முன் உலர்ந்த குப்பை முழுவதையும் எடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ட்ராக்கில் தண்ணீரை முதலில் ஊற்றினால் மணலும் முடியும் சேறாகி மூலையில் போய் அடைத்துக்கொள்ளும். பெயின்ட் பிரஷால் மூலையிலிருந்து நடுவுக்குத் தள்ளி, வேக்குவம் குழாயால் உறிஞ்சுங்கள். வேக்குவம் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டை ட்ராக் அகலத்துக்கு வெட்டி அள்ளிவிடலாம்.

2. கொசுவலை ஷட்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். பெரும்பாலான வகைகளில் ஷட்டரை மேல் ட்ராக்குக்குள் தூக்கி, கீழ்ப் பக்கத்தை உள்ளே இழுத்தால் வந்துவிடும்.

3. மேலிருந்து கீழாக: மேல் ஃப்ரேம், பக்க ஃப்ரேம், ஷட்டர் ஓரங்கள், கண்ணாடி, கடைசியில் கீழ் ட்ராக். சோப்புத் துணியால் நீளவாக்கில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். இரண்டு ஷட்டரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இன்டர்லாக் பகுதியை மறக்காதீர்கள். ஷட்டரைத் திறந்தால்தான் அது தெரியும் என்பதால் அங்கே பல மாத அழுக்கு கோடாகப் படிந்திருக்கும்.

4. உடனே இரண்டாவது பக்கெட்டின் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சோப்பை எடுங்கள், பிறகு உலர்ந்த துணி. ஒரு ஜன்னலை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிரஷர் வாஷர் வேண்டாம். வேகமாகப் பாயும் தண்ணீர் கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கைத் தாண்டி உள்ளே போய்விடும்.

மாடி வீடுகளில் வெளிக் கண்ணாடியைத் துடைக்க உடம்பை வெளியே நீட்டுவது ஆபத்து, அதற்கு எந்தச் சுத்தமும் ஈடில்லை. இருபுறமும் காந்தம் உள்ள கிளீனர் கிடைக்கிறது, உங்கள் கண்ணாடியின் கனத்துக்கு ஏற்றதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். அல்லது நீளக் கைப்பிடி வைப்பர்.

ட்ராக்கும் தண்ணீர் ஓட்டைகளும்

ஸ்லைடிங் ஜன்னல் தண்ணீரை முற்றிலும் தடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. கனமழையில் கொஞ்சம் தண்ணீர் ட்ராக்குக்குள் வரும். வந்தது வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதற்காகக் கீழ் ஃப்ரேமின் வெளிச் சுவரில் சிறு நீள ஓட்டைகள் இருக்கும். இரண்டு ட்ராக், மூன்று ட்ராக் ஃப்ரேமில் உள் வாய்க்காலில் விழும் தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குப் போக நடுத் தண்டவாளங்களிலும் ஓட்டை வேண்டும். வெளி ஓட்டை மட்டும் திறந்திருந்து நடு ஓட்டை அடைத்திருந்தால் தண்ணீர் வீட்டுப் பக்கமே வழியும்.

அடைப்பது எது? மணலும் முடியும் மட்டுமல்ல. குளவி கட்டும் மண்கூடு, ட்ராக் மூலையில் பல்லி இட்ட முட்டையின் ஓடு, பெயின்டர் வைத்த பட்டி, ‘தண்ணி வருது’ என்று யாரோ வெளியிலிருந்து அப்பிய சிலிக்கான். கடைசியாகச் சொன்னது ரொம்பச் சாதாரணம். உள்ளே வந்த தண்ணீர் போகும் வழியையே மூடிவிட்டு, ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று கேட்பார்கள்.

சோதனை எளிது. ட்ராக்கில் ஒரு சொம்புத் தண்ணீர், அரை லிட்டர் போல, மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வெளிப்பக்கம் வழிந்து வடிந்துவிட்டால் சரி. தேங்கி நின்றால் அடைப்பு: ஒவ்வொரு ஓட்டையிலும் ஈர்க்கை விட்டு உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், பிறகு தண்ணீர் விடுங்கள். கம்பி போடாதீர்கள், பூச்சு உரிந்த விளிம்பில்தான் அரிப்பு முதலில் பிடிக்கும். தண்ணீர் வெளியே வராமலேயே அளவு குறைந்தால் அது வேறு பிரச்சினை. ஃப்ரேமின் மூலை இணைப்பு வழியாகச் சுவருக்குள் இறங்குகிறது. ஜன்னலுக்குக் கீழே உட்சுவரில் பெயின்ட் உப்பி உரிவது இதன் அடையாளம். ட்ராக்கை நன்றாகக் காயவைத்து, மூலை இணைப்பில் உள்பக்கமாக நியூட்ரல் சிலிக்கானை (வினிகர் வாடை வராத வகை) மெல்லியதாக வைத்தால் நின்றுவிடும்.

சில ஜன்னல்களில் ஓட்டையே போட்டிருக்க மாட்டார்கள். 6 மி.மீ. டிரில் பிட்டால் அருகருகே மூன்று நான்கு துளை போட்டு, அரத்தால் ஒன்றாக்கி சுமார் 25 மி.மீ. நீள ஓட்டையாக்கலாம். ஒரு ஷட்டர் அகலத்துக்கு இரண்டு போதும். ஓட்டையின் அடி விளிம்பு ட்ராக்கின் தரையோடு சமமாக இருக்க வேண்டும், உயரமாகப் போட்டால் அடித் தண்ணீர் நிற்கும். எக்காரணம் கொண்டும் ட்ராக்கின் தரையில் கீழ்நோக்கித் துளை போடாதீர்கள், தண்ணீர் நேரே சுவருக்குள் போகும்.

எல்லா ஓட்டையும் திறந்திருந்தும் புயல் காற்றில் தண்ணீர் உள்ளே வழியலாம். வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை ஓட்டை வழியாகத் திருப்பித் தள்ளுகிறது. ட்ராக்கின் உள்விளிம்பு குட்டையாக இருந்தால் வழிந்துவிடும். இது பராமரிப்புக் குறை அல்ல, ஃப்ரேமுக்கு எடுத்த அலுமினியப் பட்டை வகையில், அதாவது செக்‌ஷன் தேர்வில் வந்த குறை. அன்று ஒரு பழைய துண்டை ட்ராக்கில் வைத்துப் பிழிந்துகொள்வதுதான் வழி.

ஷட்டர் கனமாக நகர்ந்தால்

முதல் சந்தேகம் ட்ராக் மணல். சுத்தம் செய்த பிறகும் இழுக்க வேண்டியிருந்தால் பேரிங், கடையில் விண்டோ ரோலர் என்றும் சொல்வார்கள். ஷட்டரின் அடியில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று இருக்கும்.

மாற்றுவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். ஷட்டரைக் கிட்டத்தட்ட மூடி, பக்க ஃப்ரேமுக்கும் ஷட்டருக்கும் நடுவில் தெரியும் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவா என்று கவனியுங்கள். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால் ஷட்டர் சாய்ந்திருக்கிறது. லாக் மாட்டாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம், ஆனால் ஜனங்கள் லாக்கைத்தான் மாற்றுவார்கள். பேரிங்கில் உயரம் சரிசெய்யும் ஸ்க்ரூ இருந்தால், ஷட்டரின் பக்க விளிம்பில் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளை தெரியும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை விட்டு அரைச் சுற்று திருப்பி, ஷட்டர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் வலப்பக்கம் திருப்பினால் ஏறும். ஷட்டரை ஒருவர் லேசாகத் தூக்கிப் பிடித்தால் ஸ்க்ரூ எளிதாகத் திரும்பும், பாரத்தோடு திருப்பினால் தலை தேய்ந்துவிடும்.

பேரிங் மாற்ற இரண்டு பேர் வேண்டும். 4 அடிக்கு 7 அடி கதவு ஷட்டரில் 5 மி.மீ. கண்ணாடி மட்டுமே 32 கிலோ வரும். மேல் ட்ராக்கில் ஷட்டர் கழலாமல் இருக்க ஒரு ஸ்டாப்பர் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். உயர ஸ்க்ரூவை முழுக்க இறக்கி, உள் ட்ராக் ஷட்டரை முதலில் தூக்கி வெளியே எடுங்கள். தடித்த பாய் அல்லது போர்வை மேல் சுவரோரம் சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். கண்ணாடியைத் தரையில் படுக்க வைக்க வேண்டாம்.

பழைய பேரிங்கைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். சக்கரத்தின் விட்டம், கூட்டின் அகலம், சக்கரத்தின் பள்ளம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முக்கால் இன்ச் செக்‌ஷன் பேரிங் டோமல் என்னும் வேறு வகை செக்‌ஷனுக்குப் பொருந்தாது. ஒன்று போனாலும் இரண்டையும் மாற்றுங்கள். வெற்று அலுமினியத் தண்டவாளத்தில் நைலான் சக்கரமே நல்லது, இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைத் தின்றுவிடும். தண்டவாளமே தேய்ந்து பள்ளமாகியிருந்தால் அதன் மேல் மாட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப் கிடைக்கிறது. அதைப் போடாமல் புது பேரிங் போடுவது வீண். ஷட்டரைத் திரும்ப மாட்டியதும் ஸ்டாப்பரை மறுபடி வைக்க மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் வெளியிலிருந்தே ஷட்டரைத் தூக்கிக் கழற்றிவிடலாம்.

எண்ணெய் விஷயம்: தேங்காய் எண்ணெய், கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் ட்ராக்கில் விடாதீர்கள். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு தூசியைப் பிடித்துக் கருப்புப் பசையாகும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே இறுகியதை விடுவிக்கும், ஆனால் நீடிக்காது. சிலிக்கான் ஸ்ப்ரே வாங்கி, துணியில் அடித்துக் காய்ந்த தண்டவாளத்தின் மேல் தடவுங்கள், பேரிங்குக்குச் சின்னக் குழாய் வழியாக ஒரு பீய்ச்சல். தரையில் பட்டால் உடனே துடையுங்கள், டைல்ஸில் கால் வழுக்கும். சிலிக்கான் சீலன்ட், பெயின்ட் வேலை ஏதாவது பாக்கி இருந்தால் அதை முடித்த பிறகே ஸ்ப்ரே. அது பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது.

கறைகள்

போர் தண்ணீர் கறை: கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியை நனைத்து, கண்ணாடியின் மேல் மட்டும் 10 நிமிடம் ஒட்டி வையுங்கள். கீழ் ஃப்ரேமில் உலர்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் வழிவது தடுக்கப்படும். பிறகு நல்ல தண்ணீர். இது வராமல் தடுக்கும் வழி, கழுவிய கண்ணாடியைக் காயவிடாமல் வைப்பரால் இழுத்துவிடுவது.

பாதுகாப்பு டேப்: ஃப்ரேமில் ஒட்டி வரும் பிளாஸ்டிக் டேப்பை வேலை முடிந்த கையோடு உரித்துவிட வேண்டும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் பசை இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவைத்து, கட்டைவிரலால் உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மிச்சத்துக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். தின்னரும் அசிட்டோனும் பவுடர் கோட்டிங்கையே கரைக்கும்.

இரும்பு கிரில்லிலிருந்து சொட்டும் துருத் தண்ணீர்: ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை, கிரில்லைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து பெயின்ட் செய்யுங்கள்.

துடைக்கும்போது துணியில் ஃப்ரேமின் நிறம் பொடியாக வந்தால் வெயிலில் பவுடர் கோட்டிங்கின் மேல்தோல் உதிர்கிறது என்று பொருள். சோப்புத் தண்ணீரில் நன்கு கழுவி, சொரசொரப்பு இல்லாத கார் வேக்ஸை மெல்லியதாகத் தடவி மெருகேற்றினால் நிறம் ஓரளவு திரும்பும். கண்ணில் படாத மூலையில் முதலில் சோதியுங்கள்.

சிலிக்கான், பீடிங், பைல்

ஃப்ரேமுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சிலிக்கான் ஓரம் விட்டிருந்தால் அதன் மேலேயே புதிதாக அப்புவது வேலைக்காகாது. பழையதைக் கட்டரால் முழுக்க எடுத்து, தூசி துடைத்து, காயவைத்து வையுங்கள். வாங்கும்போது நியூட்ரல் என்று கேளுங்கள். வினிகர் வாடை வரும் மலிவு வகை அமிலத்தை வெளியிடும், சுவரிலும் சரியாக ஒட்டாது. 280 மில்லி குழாய் ஒன்று 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்துக்கு வைத்தால் ஏறத்தாழ 7 மீட்டர் வரும். ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும், எனவே மழைக்கு மூன்று நாளாவது முன்பே முடித்துவிடுங்கள். கீழ்ப்பக்கம் வைக்கும்போது கை தண்ணீர் ஓட்டைகள் மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஓர ரப்பர் பீடிங் பிவிசி என்றால் வெயிலில் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். மாற்றும்போது இபிடிஎம் ரப்பர் கேளுங்கள். அளவைவிட மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, இரண்டு முனையையும் முதலில் பதித்து நடுவை அழுத்துங்கள். இழுத்து வைத்தால் திரும்பச் சுருங்கும்.

ஷட்டர் ஓரத்தில் உள்ள பஞ்சுப் பட்டையைப் பைல் என்பார்கள். அது படிந்துபோனால் தூசி வரும், காற்றில் ஷட்டர் கடகடக்கும். மீட்டர் கணக்கில் கிடைக்கும். அடிப்பட்டையின் அகலமும் பஞ்சின் உயரமும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மிக உயரமானதைப் போட்டால் ஷட்டர் இறுகும்.

கொசுவலையைப் படுக்கவைத்து மென்மையான பிரஷால் இரு பக்கமும் கழுவி, செங்குத்தாக நிழலில் காயவையுங்கள். நடுவில் கையூன்றி அழுத்தினால் வலை தொய்ந்துவிடும்.

கடைசியாக ஸ்க்ரூக்கள். தலையில் செந்துரு தெரிந்தால் அவை இரும்பு. ஈரத்தில் அலுமினியத்தோடு சேரும்போது, ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியம் அரிந்து துளை பெரிதாகும். ஒவ்வொன்றாகக் கழற்றி 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள், கடலோரத்தில் 316. கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஸ்க்ரூ அதில் பட்டென்று ஒட்டினால் அது இரண்டும் இல்லை.